நாற்பத்தெட்டு மீட்டர் உயரத்தில்

அரியலூருக்கு வெளியே இருந்த அந்த சிமெண்ட் ஆலையில், ஹெல்மெட்டின் பின்புறம் இடம் காட்டும் டேக்கை மாட்டிக்கொள்ள முதலில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. தீப்பெட்டி அளவுதான் இருந்தது. எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இருந்தாலும் கான்ட்ராக்ட் ஆட்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாட்டுக்குக் காதுல தோடு குத்துற மாதிரி எங்களுக்கும் குத்த வந்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டான் முத்துவேல். கூட்டம் சிரித்தது.

அனிதா மேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "காதுல இல்லண்ணே, தலையில" என்றாள். மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் யாரும் கையை நீட்டவில்லை.

அவளுக்கு முப்பத்தோரு வயது. வரதராஜன்பேட்டைக்காரி. பெரம்பலூர் பாலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், கூடப் படித்த மரிய ஆல்பர்ட்டோடு சேர்ந்து ஏழு வருடமாக ஒரு சின்னக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தாள். ரேடியோ சம்பந்தப்பட்டதெல்லாம் அவள் பொறுப்பு. கம்ப்யூட்டர், ஒப்பந்தம், ஆட்களைப் பார்த்துப் பேசுவது எல்லாம் அவன் பொறுப்பு. அவளுடைய அப்பா இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஆல்பர்ட்டும் ஒருவன். அவன் நீட்டும் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த ஆலையில் சுண்ணாம்புத் தூளைச் சூடேற்றும் டவர் ஒன்று உண்டு. ஆறு தளங்கள், சுற்றிலும் இரும்புக் குழாய்கள். போன வருடம் ஐந்தாவது தளத்தில் குழாய் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது கொதிக்கிற தூள் பீறிட்டுக் கொட்டியது. டவர் முழுக்கப் புழுதி மூடிவிட்டது. கீழே இறங்கியவர்களை எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது. அந்த ஆள் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்பது நிமிடம் தேடினார்கள். கண்டெடுத்தபோது உயிர் இல்லை. அவர் பெயர் பிச்சைமுத்து. அந்தச் சாவுக்குப் பிறகுதான் இந்த டேக் வேலை அனிதாவின் கம்பெனிக்குக் கிடைத்தது.

பிச்சைமுத்துவின் அக்கா பச்சையம்மாள் அதே டவரில் தளம் தளமாகப் புழுதி கூட்டுகிறவள். அன்றைக்குக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எந்தம்பி அஞ்சாவது மாடியில கெடந்தான். இவங்க மூணாவது மாடியில தேடிக்கிட்டு இருந்தாங்க" என்றாள். பிறகு அனிதாவின் முகத்தைப் பார்த்தாள். "பாப்பா, நீ சொல்லு. இது எங்கள எப்பப் பாக்கும்?"

"அபாய மணி அடிச்சா மட்டும்தான்க்கா. அப்ப யாரு எந்த மாடியில, எந்த மூலையில நிக்கிறாங்கன்னு திரையில வரும். மத்த நேரம் யாரு கண்ணுக்கும் தெரியாது. அன்னன்னிக்கு உள்ளது அன்னன்னிக்கே அழிஞ்சிடும்."

"நாங்க பாத்ரூம் போனா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"யாரு யாரோட நின்னு பேசுறாங்கன்னு?" இது முத்துவேல்.

"தெரியாதுண்ணே. நான் சொல்றேன்ல."

"நீ சொல்றியா?" என்று பச்சையம்மாள் மறுபடி கேட்டாள்.

"நான் சொல்றேன்க்கா."

பச்சையம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினாள். அனிதாவே டேக்கை மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். முத்துவேல் கடைசியில் வந்தான். பிச்சைமுத்துவின் உயிர்ச் சிநேகிதன் அவன். இருவருக்கும் கல்லங்குறிச்சியில் ஒரே தெரு.

உயரம்தான் அனிதாவைப் படாதபாடு படுத்தியது. ஒவ்வொரு டேக்கும் நொடிக்கு நாலு தடவை ரேடியோ துடிப்பு ஒன்றை அனுப்பும். டவரில் ஆங்காங்கே பொருத்திய ரிசீவர்கள் அது வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால், ஒரு கூறு நேரத்தில் ரேடியோ அலை ஓரடி தூரம் போகும். எந்த ரிசீவருக்கு முந்தி வந்தது, எதற்கு எவ்வளவு பிந்தி வந்தது என்று தெரிந்தால் ஆள் நிற்கிற இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். கிழக்கா மேற்கா என்பது சுலபமாக வந்துவிட்டது. மேலா கீழா என்பதுதான் வரவில்லை. ரிசீவர்களையெல்லாம் ஒவ்வொரு தளத்திலும் ஒரே மட்டத்தில் வைத்திருந்தாள். மூன்றாவது தளத்தில் நிற்கிறவரை நாலாவதில் நிற்பதாகத் திரை காட்டியது. போதாததற்கு இரும்பில் பட்டுத் திரும்பும் அலைகள் வேறு.

இப்படியே விட்டால் இன்னொரு பிச்சைமுத்துவை வேறு மாடியில்தான் தேடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ரிசீவர்களைக் கழற்றி, சிலதைக் கணுக்கால் உயரத்திலும் சிலதைக் கூரையை ஒட்டியும் மாற்றி மாற்றிப் பொருத்தினாள். ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் பச்சையம்மாள்தான் துடைப்பமும் கையுமாக அவளுக்காகப் படி ஏறி இறங்கினாள். அனிதா கீழே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். வாக்கிடாக்கியில் பச்சையம்மாளின் குரல் வரும்.

"இப்ப எங்க நிக்கிறேன், சொல்லு பாப்பா."

"நாலாவது மாடி. வடக்கு மூலை. குனிஞ்சிருக்கீங்கக்கா."

"அடியாத்தி! குனிஞ்சது கூடவா தெரியுது?"

அன்று இருவரும் காலைச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். பச்சையம்மாளின் தூக்கில் பழைய சோறும் மோர்மிளகாயும் இருந்தன. நாலாவது தளம் தரையிலிருந்து நாற்பத்தெட்டு மீட்டர் என்று அனிதா தன் நோட்டில் எழுதினாள். திரை ஒரு முழத்துக்கு மேல் தப்பாமல் சொல்லும் என்று அன்றே ஆல்பர்ட்டிடம் போனில் சொன்னாள்.

நாலு மாதம் போனது. ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், பன்னிரண்டு பேர் அந்த நாலாவது தளத்தில் கூடினார்கள். அங்கே கேமரா கிடையாது. காற்றும் வரும். அடைப்பு எடுக்கிறவர்களுக்கு வெப்பம் தாங்கும் உடுப்பு வேண்டும், டவரிலேயே பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பேச்சு.

சனிக்கிழமை காலை ஆலை வாசலில் பதினோரு பேரின் கேட் பாஸ் வேலை செய்யவில்லை. ஆள் குறைப்பு என்றார் கான்ட்ராக்டர். ஆனால் பச்சையம்மாள் விடாமல் கேட்டபோது, வாசலில் நின்ற அதிகாரி வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"நாலாவது மாடியில உக்காந்து கூட்டம் போடத் தெரிஞ்சுதுல்ல? இப்ப வூட்டுல உக்காருங்க."

பன்னிரண்டாவது ஆளான முத்துவேலின் பாஸ் மட்டும் வேலை செய்தது. அவன் என்ன நடக்கிறது என்று புரியாமல் கேட்டுக்கு உள்ளே நின்று இவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. அன்று சாயங்காலமே டீக்கடையில் வைத்து அவனை ஒருவன் அறைந்தான். குழாயடியில் முத்துவேலின் மனைவி வந்து நின்றதும் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பச்சையம்மாள் ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலுக்குப் போய், "எந்தம்பி கூட ஒரே சோத்தப் பகுந்து தின்னியேடா!" என்று கத்தி, தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள்.

இதையெல்லாம் அவளே அனிதாவுக்குப் போனில் சொன்னாள். "கூட இருந்தே குழி பறிச்சிட்டான் பாப்பா. பன்னெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். பதினொரு பேர் வெளிய, அவன் மட்டும் உள்ள. வேற யாரு சொல்லியிருப்பா?"

"அழாதீங்கக்கா. நான் நேர்ல வரேன்" என்று சொல்லிவிட்டு அனிதா போனை வைத்தாள்.

பெரம்பலூர் ஆபீசில் அவள் மேசைமேல் பழுது பார்க்க வந்த டேக் ஒன்று கிடந்தது. பேட்டரி போய்விட்டது. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஆலையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒட்டியிருந்த துண்டுத் தாளில் முத்துவேல் என்று எழுதியிருந்தது.

புதன்கிழமை முத்துவேலின் தலையில் டேக் இல்லை. டேக் இருந்த பதினோரு பேரும் வெளியே. இல்லாதவன் உள்ளே.

ஆல்பர்ட் திருச்சிக்குப் போயிருந்தான். அவன் பொறுப்பில் இருந்த சர்வரை அவள் அதுவரை திறந்து பார்த்ததில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் திரையில் வந்துவிடும். இப்போது திறந்தாள். அவள் கேட்டபடியே தினமும் அழிகிற பதிவு ஒன்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதில் முதல் நாளிலிருந்து ஒரு வரி கூட அழியவில்லை. பச்சையம்மாள் எத்தனை மணிக்கு எந்தப் படியில் உட்கார்ந்தாள், யார் யாருக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள், எந்தப் பெண் கீழே கழிப்பறைக்குப் போய் எத்தனை நிமிடத்தில் திரும்பினாள், எல்லாம் இருந்தது. அதைப் பார்ப்பதற்கு ஆலையின் பணியாளர் பிரிவுக்குத் தனியாக ஒரு வழி திறந்து கொடுத்திருந்தது. வியாழக்கிழமை அவர்கள் எடுத்த அறிக்கையும் அங்கேயே கிடந்தது. உயரம் நாற்பத்தெட்டு மீட்டர், வடக்கு மூலை, ஒன்று பத்திலிருந்து ஒன்று முப்பத்தைந்து வரை. கீழே பதினோரு பெயர்கள். அவள் ஐந்து வாரம் பாடுபட்டு உண்டாக்கிய உயரம்.

நாலரை மணிக்கு ஆல்பர்ட் பஜ்ஜிப் பொட்டலத்தோடு மாடி ஏறி வந்தான். திரையைப் பார்த்ததும் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"பாத்துட்டியா?" என்றான்.

அவன் மறுப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தனக்கும் தெரியாது, யாரோ உள்ளே புகுந்து செய்திருக்கிறார்கள் என்று சொல்லுவான். அதை நம்பிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

"மொத நாள்லருந்தே இருக்கு ஆல்பர்ட்."

"ஆமா. அது இல்லாம ஆர்டரே கெடச்சிருக்காது. ஒப்பந்தத்துல பதினாலாவது பக்கம் பாரு. நீயும்தான் கையெழுத்துப் போட்டிருக்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சொல்லியிருந்தா நீ அவங்க முன்னாடி போய் நின்னிருப்பியா? உனக்குப் பொய் சொல்ல வராது அனிதா. மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும். யார அனுப்பிப் பேசச் சொன்னாலும் அவங்க டேக்க மாட்டிக்கல. நீ சொன்னாத்தான் நம்புவாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால உனக்குத் தெரியாம இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அதைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி அவன் சொல்லவில்லை. அவளைப் பாராட்டுகிற மாதிரி சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏழு வருடமாகத் தன்னை நன்றாக அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்திருக்கிறாள். அவ்வளவு நன்றாக அறிந்து வைத்துக்கொண்டு அவன் செய்த காரியம் இது.

"அவங்களுக்கு வேலை போயிடுச்சு. முத்துவேல அடிச்சிருக்காங்க."

"அது ஆலைக்காரங்க செஞ்சது. நம்ம வேலை எடத்தக் காட்டுறது மட்டுந்தான்" என்றான் ஆல்பர்ட். "ஆறிடப் போவுது, பஜ்ஜியச் சாப்பிடு."

அவள் வியாழக்கிழமை அறிக்கையை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த மாடிப்படியில் அவள் மறுபடி ஏறவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அரியலூர் போய், அங்கிருந்து கல்லங்குறிச்சிக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். பச்சையம்மாள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அனிதாவைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வா பாப்பா, உக்காரு."

அனிதா உட்காரவில்லை. "முத்துவேல் அண்ணன் சொல்லலக்கா. டேக்தான் காட்டிக்கொடுத்திருக்கு. எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்காங்க. அன்னிக்கு அவர் தலையில டேக் இல்ல. அதான் அவர் பேரு வரல."

பச்சையம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. அனிதா தாளை விரித்துப் பெயர்களைப் படித்துக் காட்டினாள். தன் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அழிஞ்சிடும்னு சொன்னியே."

"எனக்கே தெரியாதுக்கா. என்கூட இருந்தவன் எனக்குத் தெரியாம செஞ்சிட்டான்."

"தெரியாதா?" பச்சையம்மாள் சத்தம் போடவில்லை. "தெரியாமத்தான் நான் சொல்றேன், நான் சொல்றேன்னு ரெண்டு வாட்டி சொன்னியா? தெரியாத ஒண்ணுக்கு ஏன் வாக்குக் குடுத்தீங்க மேடம்?"

அந்த மேடம் அனிதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆல்பர்ட்டைத் தான் நம்பியதைப் போலத்தான் இவளும் தன்னை நம்பினாள் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அதைக் கேட்டு இவளுக்கு என்ன ஆகப்போகிறது?

பச்சையம்மாள் ஈரப் புடவையோடு தெருக்கோடி வரை நடந்தாள். அனிதாவும் பின்னால் போனாள். முத்துவேலின் வீடு பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை விடியற்காலையிலேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பச்சையம்மாள் அந்த வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வாசல்லதான மண்ணத் தூத்துனேன்" என்றாள். "ஒரு வார்த்தை எதுத்துப் பேசலியே அவன். கண்ணுல மண்ணு விழுந்து தொடச்சிக்கிட்டே நின்னானே."

பதினோரு பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் விசாரணைக்கு அழைத்தார்கள். ஆலையின் வக்கீல், டேக் என்பது பாதுகாப்புக்கு மட்டும்தான், அதில் எந்தப் பதிவும் வைப்பதில்லை என்றார். அவருக்குப் பக்கத்தில் ஆல்பர்ட் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். அனிதா எழுந்து அச்செடுத்த தாள்களை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். இது ஒப்பந்தத்தை மீறிய செயல், வழக்குப் போடுவோம் என்று வக்கீல் குரலை உயர்த்தினார்.

"போடுங்க" என்றாள் அனிதா.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். "இந்த உயரக் கணக்கெல்லாம் சரிதானாம்மா? இவங்க வேற மாடியில இருந்து, தப்பா நாலுன்னு விழுந்திருக்கலாம்ல?"

தப்பு நேரலாம் என்று சொல்லும்படி ஆல்பர்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தப்பு நேரலாம் என்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். பின்வரிசையில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு முழங்கூடத் தப்பாது சார்" என்றாள் அனிதா. "நானே அளந்து பாத்தது. இவங்களையே நடக்க விட்டு."

இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு ஏழு பேரைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆலை ஒத்துக்கொண்டது. நாலு பேரை எடுக்கவில்லை. அதில் பச்சையம்மாளும் ஒருத்தி. மூன்றாவது தளத்தில் கழிப்பறை கட்ட ஆரம்பித்தார்கள். திரும்பிப் போன ஏழு பேரும் முதல் வேலையாகத் தங்கள் டேக்கைப் பிடுங்கி மேற்பார்வையாளரின் மேசைமேல் போட்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். இனி ஒருநாள் டவரில் புழுதி மூடினால், உள்ளே கிடப்பவன் எந்த மாடியில் கிடக்கிறான் என்று மறுபடியும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆல்பர்ட் மேல் அனிதாவுக்கு ஆறாத கோபம் அதனால்தான். அவளை ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவாளாக இருக்கும்.

முத்துவேலின் புது நம்பரைத் தேடிப்பிடித்துப் பச்சையம்மாள் மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நாலாம் தடவை அவன் மனைவி எடுத்து, "அவரு உங்க ஊர்ப் பேச்சையே எடுக்குறதில்ல. இனிமே போன் பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அனிதா ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பயிற்றுநராகச் சேர்ந்தாள். ஆல்பர்ட் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தான். அவள் பதில் அனுப்பவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் ஒருநாள் பச்சையம்மாளிடமிருந்து போன் வந்தது. அனிதா கல்லங்குறிச்சிக்குப் போய் வந்த நாளுக்குப் பிறகு அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அரியலூரில் ஒரு தையல் கம்பெனியில் துணி மடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள்.

"இங்க எல்லாரும் கையில வாட்ச் மாதிரி ஒண்ணு கட்டிக்கணுமாம். ஞாயித்துக்கெழம வந்து என்னன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"வரேன்க்கா. நீங்க என்ன நம்பிக் கேட்டதே…"

"நம்பிக் கேக்கல" என்றாள் பச்சையம்மாள். "இதோட திருட்டுத்தனம் உங்களுக்குத்தான் தெரியும்னு கேக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் ஒன்பது பெண்கள் காத்திருந்தார்கள். பச்சையம்மாள் வா என்று சொல்லவில்லை. கையில் கட்டும் அந்தப் பட்டையை மட்டும் நீட்டினாள். அனிதா அதன் பின்மூடியைத் திறந்து பார்த்தாள். இது எதை அனுப்பும், எவ்வளவு தூரம் போகும், மாடி வித்தியாசம் தெரியுமா தெரியாதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு யார் அதை வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

கீதாஞ்சலி என்ற சின்னப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மேனேஜர் நல்ல மனுசன்க்கா. வேலைக் கணக்குக்கு மட்டுந்தான், வேற எதுக்கும் இல்லன்னு சாமி மேல சத்தியம் பண்றாரு. நம்பலாமா?"

அனிதா பட்டையை மூடி அவள் கையில் கொடுத்தாள்.

"அவர் பொய் சொல்றார்னு நான் சொல்ல மாட்டேம்மா" என்றாள். "அவருக்கே தெரியாம இருக்கலாம்."

பச்சையம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "வேற என்ன கேக்கணுமோ கேளுங்கடி. அஞ்சரைக்கு அவங்களுக்கு பஸ்" என்றாள்.